கலங்கிய குளத்துக் கரையில்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை எட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டு மூன்று தரமாகப் பிரித்திருப்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை போன்றோர் கடைமாணாக்கர். ஓட்டைக் குடம் தன்னுள் ஊற்றியதை ஒழுகவிடுகிறது. ஆடு ஒரு செடியிலும் நிலைத்து மேயாமல் தழைதோறும் வாய் வைத்து ஓடுகிறது. நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக் கொள்கிறது. இம்மூன்றும் தமக்குத் தாமே கேடு செய்துகொள்வன. அருகில் இருப்போர்க்கு அவற்றால் நட்டம் ஒன்றுமில்லை. எருமையோ குளத்தில் இறங்கி, நீரைக் கலக்கிச் சேறாக்கிய பிறகே குடிக்கிறது.

அந்தக் குளத்திற்கு அதே வேளையில் தாகத்தோடு வந்து கரையில் நிற்கும் பசுவின் கதி என்ன என்பதை இலக்கண நூலில் தேட முடியாது. ஆயினும் ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கும், பிள்ளை பெற்றவர்க்கும் அது கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவன் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவன்.

மாலையில் எங்கள் மக்தபில் ஓத வருகின்றவன் அவன். பாடம் முடிந்து பிள்ளைகள் எல்லாரும் போன பின்பும் ஒரு நாள் எழுந்திராமல் இருந்தான்.

"என்ன தம்பி?" என்றேன்.

"ஹஜ்ரத், ஸ்கூல்ல பாடமே காதுல விழ மாட்டேங்குது. சார் போர்டுல எழுதத் திரும்பினாலே பின்னாலேருந்து விசிலடிக்கிறாங்க. அவர் பேசுற மாதிரியே பேசிக் காட்டுறாங்க. சார் புத்தகத்தை மூடி வச்சிட்டு உக்காந்துடறார். நான் எப்படிப் படிக்கிறது?"

அவனுடைய அத்தா சிறு கடை வைத்திருப்பவர். அவரிடம் சொன்னபோது, "டியூஷன் வச்சிட்டாப் போச்சு ஹஜ்ரத்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் மீது குறையில்லை. பணத்தைக் கொடுத்துப் பாடத்தை வாங்கிவிடலாம் என்றுதான் இன்று எல்லாரும் நினைக்கின்றோம். ஆனால் பையன் கேட்டது பாடத்தை மட்டும் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பறை ஒழுங்கின்மை என்றதும் நம் நாட்டில் இருவரைப் பற்றியே பேச்சு எழுகிறது. ஒருவர் துன்புறும் ஆசிரியர். மற்றவன் துன்புறுத்தும் மாணவன். 2022 ஏப்ரலில் எங்கள் பக்கத்து மாவட்டங்களிலேயே அடுத்தடுத்து இரு காட்சிகள் கைப்பேசி வழியே நாடெங்கும் பரவின. ஆம்பூரை அடுத்த மாதனூரில், ரெக்கார்டு நோட்டைக் கேட்ட ஆசிரியரை ஒரு மாணவன் அடிக்கப் பாய்ந்தான். வேலூர் தொரப்பாடியில் மாணவர் சிலர் வகுப்பறையின் மேசை நாற்காலிகளை உடைத்து நொறுக்கினர். சம்பந்தப்பட்டவர்கள் தற்காலிகமாக நீக்கப்பட்டனர். அடுத்த மே மாதத்திலேயே கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, ஆசிரியரிடம் அத்துமீறும் மாணவர் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவர் என்றும், மாற்றுச் சான்றிதழில் அதன் காரணம் குறிக்கப்படும் என்றும் சட்டமன்றத்தில் அறிவித்தார். கொரோனா நோயால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டோர்க்கு 2021 செப்டம்பரிலும், அதற்குக் கீழ்ப்பட்டோர்க்கு அவ்வாண்டு நவம்பரிலுமே முறையாகத் திறந்தன என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒன்றரை ஆண்டில் பெரும்பாலும் பெஞ்சில் உட்காராத பிள்ளைகள் அவர்கள்.

அந்தக் காட்சிகளைப் பார்த்தவர்கள் ஆசிரியருக்காக இரங்கினர். மாணவன் மீது சினந்தனர். அவ்வறைகளில் அந்நேரம் வாய் மூடி உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கேட்டேனில்லை. அவர்கள்தாம் எண்ணிக்கையில் மிகுதி.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த நோயும் அன்று. பதினைந்து வயது மாணவரின் கல்வித் தேர்ச்சியை உலக நாடுகளில் அளந்து பார்க்கும் பீசா என்னும் ஆய்வு 2022-இல் நடந்தது. செல்வ வளம் மிக்க நாடுகள் பெரும்பான்மையாக உள்ள ஓஈசிடி அமைப்பில், கணக்கு வகுப்புகள் பெரும்பாலானவற்றில் மாணவர்கள் ஆசிரியர் சொல்வதைக் கேட்பதில்லை என்று சராசரியாக நூற்றுக்கு 30 பேர் சொல்லியிருக்கின்றனர். அத்தகைய வகுப்புகளில் தங்களால் சரியாகப் படிக்கவே முடியவில்லை என்றவர்கள் நூற்றுக்கு 23 பேர். இந்தியா அந்த ஆண்டு ஆய்வில் பங்கு கொள்ளவில்லை. ஆதலால் நம் பிள்ளைகள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. என் மக்தபில் ஒரு பையன் சொல்லிவிட்டான்.

அவன் கேள்வி என்னை நாற்பது ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் சென்றது. நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தது 1980-களின் முற்பகுதியில். திருவண்ணாமலை அப்போது மாவட்டத் தலைநகர் ஆகவில்லை, 1989-இல்தான் ஆயிற்று. வட ஆர்க்காட்டின் ஒரு நகரம். கோபுரமும் மலையும் பௌர்ணமிக் கூட்டமுமாக இருந்தது. எங்கள் வகுப்பில் அறுபது பேருக்கு மேல். தமிழாசிரியர் வயதில் மூத்தவர். நெற்றி நிறையத் திருநீறு. குரல் மட்டும் மிக மெல்லியது. அந்தக் குரலே அவருக்கு வினையாயிற்று.

அவர் வகுப்பில் ஒரு விளையாட்டு நடக்கும். வாயைத் திறக்காமல் மூக்கால் 'ம்ம்ம்' என்று வண்டு போல் ஒலி எழுப்புவார்கள். யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அவர் இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம் அடங்கி வலப்பக்கம் கிளம்பும். அங்கே போனால் நடுவரிசை தொடங்கும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்து மீண்டும் போட்டுக்கொள்வார். அதற்கும் ஒரு சிரிப்பு எழும்.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை அவர் எங்களுக்கு நடத்தியது அப்படிப்பட்ட இரைச்சலின் நடுவில்தான். வேடன் கைப்பட்ட மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்க, நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதற்குப் பிணை நிற்கும் படலம். அந்த மானின் கலக்கத்தைச் சொல்லும்போது அந்தச் சைவப் பெரியவருக்குக் கண் கலங்கும். பின்னால் வண்டு ஒலி குறையாது. முன் பெஞ்சிலிருந்த எனக்கும், தேரடித் தெருவில் பூக்கடை வைத்திருந்தவர் மகனான என் நண்பனுக்கும் அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அதட்டி அடக்க எங்களுக்குத் தோளில் வலிவில்லை. அவர்களோடு சேர்ந்து ஒலி எழுப்ப மனமில்லை. ஒரு நாள் கடைசி மணி அடித்த பின், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஆசிரியருக்காகக் காத்து நின்றோம். "ஐயா, இன்று நடத்திய செய்யுளில் இந்த இடம் விளங்கவில்லை" என்றான் நண்பன். உண்மையில் எங்கள் இருவருக்கும் ஓர் இடமும் விளங்கியிருக்கவில்லை. ஆசிரியர் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடியே, நூலைப் பாராமல் செய்யுளைச் சொல்லிப் பதம் பிரித்துப் பொருள் கூறினார். ஐந்து நிமிடம் இருக்கும். மறுநாளும் நின்றோம். சில நாளில் மூன்றாவதாக ஒருவன் வந்து சேர்ந்தான், பிறகு நான்காமவன். அந்த நான்காமவன் வகுப்பில் வண்டு ஒலி எழுப்புகின்றவர்களில் ஒருவன் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆசிரியருக்கும் தெரிந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பொருள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த ஐந்து நிமிடத்தில் எங்களுக்குக் கிடைத்தது பாடம் மட்டும்தானா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். முக்கால் மணி நேரம் வகுப்பில் சிறுத்துப் போய் நின்ற மனிதர், சைக்கிள் அருகே மீண்டும் பெரியவராக நிமிர்வதைக் கண்டோம். அது எங்களுக்கு வேண்டியிருந்தது. ஏனெனில் இரைச்சலால் பாடம் காதில் விழாமல் போவது சிறிய நட்டம். அதை வேறிடத்தில் கேட்டுக்கொள்ளலாம். ஆசிரியர் அவமதிக்கப்படுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணில், அவர் கற்பிக்கும் பொருளும் மெல்ல மெல்ல மலிந்து போகிறதே, அதுதான் பெரிய நட்டம். எந்த டியூஷனும் அதை ஈடு செய்யாது.

இரைச்சலுக்கும் அவமதிப்புக்கும் உள்ள வேற்றுமையை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத் திருவிழாவில் பத்து நாளும் ஒலிபெருக்கி ஓயாது. பௌர்ணமி தோறும் மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் வழியும் மனிதத் தலையாக இருக்கும். அந்த ஆரவாரத்தின் நடுவே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அரையாண்டுத் தேர்வுக்குப் படித்தவர்கள் நாங்கள். இரைச்சல் பழகிப் போகும். அவமதிப்பு பழகிப் போகலாகாது.

பிற்காலத்தில் வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதும்போது, நாங்கள் சைக்கிள் அருகே அறியாமல் செய்ததற்கு ஒரு பெயர் இருப்பதைக் கண்டுகொண்டேன். மதரஸாக்களில் அதைத் தக்ரார் என்பர். உஸ்தாத் நடத்திய பாடத்தை மாணவர்கள் இருவர் மூவராக அமர்ந்து, ஒருவர் உஸ்தாதாக நின்று மற்றவர்க்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரே கூடத்தில் பல குழுக்கள். ஒருவர் குரல் மற்றவர் குரலோடு மோதும். வெளியிலிருந்து வருபவருக்குச் சந்தைக்கடையாகத் தோன்றும். ஆனால் அந்த ஓசையில் ஒவ்வொருவன் காதும் தன் தோழன் வாயைத் தவிர வேறெதையும் கேளாது.

தோழனைத் தேர்ந்துகொள்வதைப் பற்றி இமாம் ஸர்னூஜி (ரஹ்) தம் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் சிறு நூலில் விரிவாகவே பேசுகின்றார்கள். ஹிஜ்ரி ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த பெருமகனார் அவர்கள். உழைப்பும் பேணுதலும் நேரிய இயல்பும் உள்ளவனைக் கல்வித் தோழனாகக் கொள்ள வேண்டும். சோம்பேறியையும் வீண் பேச்சு மிகுந்தவனையும் குழப்பம் விளைவிப்பவனையும் விட்டு ஓட வேண்டும் என்பது அவர்களின் கருத்து. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே மத்திய ஆசியாவின் மதரஸாக்களிலும் பின் பெஞ்சு இருந்திருக்கிறது என்பது இதனால் தெரியவருகிறது. உஸ்தாதுக்கும் மாணவனுக்கும் இடையே ஒரு வில்லின் அளவு இடைவெளி வேண்டும் என்றும் அதே நூலில் வருகிறது. அது மரியாதையின் பொருட்டு. அறுபது பேர் இரையும் வகுப்பில் அந்த இடைவெளியைச் சற்றே குறைத்து முன் பெஞ்சில் இடம் பிடித்துக்கொள்ளும்படி என் மாணவனுக்குச் சொன்னேன். இமாம் அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகின்றேன்.

"இதெல்லாம் பிரம்பை எடுத்துவிட்டதால் வந்தது" என்று முதியோர் பலர் சொல்கின்றனர். தமிழ்நாட்டுக் கல்வி விதிகளிலிருந்து பிரம்படி 2003-இல் நீக்கப்பட்டதும், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையை நாடெங்கும் தடுத்ததும் உண்மையே. ஆனால் நான் சொன்ன வண்டு ஒலி, ஒவ்வோர் ஆசிரியர் மேசையிலும் பிரம்பு கிடந்த காலத்து ஒலி. பிரம்புக்கு அஞ்சியவர்கள் பிரம்பில்லாத ஆசிரியரைத் தேடிப் பிடித்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இனி, பையன் கேட்கத் தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்ட ஒன்று இருக்கிறது. "ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லலாமா ஹஜ்ரத்? சொன்னா கோள் சொன்ன பாவம் ஆயிடாதா?"

நம் வீடுகளில் கோளும் புறமும் பெரும் பாவங்கள் என்று சிறு வயதிலேயே கற்பிக்கிறோம், நல்லதே. அதோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டியதை விட்டுவிடுகிறோம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில், ஒருவர் இல்லாதபோது அவர் குறையை எடுத்துச் சொல்வது ஆகுமாகின்ற ஆறு இடங்களை எண்ணிக் காட்டுகின்றார்கள். அவற்றுள் முதலாவது, அநீதிக்கு ஆளானவன் அதைத் தீர்க்கும் அதிகாரம் உடையவரிடம் முறையிடுவது. அடுத்தது, தீமையை மாற்ற உதவி தேடுவது. இருவருக்கிடையே பகை மூட்டச் சொல்வது கோள். பாதிக்கப்பட்டவன் உரியவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது முறையீடு. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதால் பிள்ளைகள் குழம்புகின்றார்கள்.

ஆனால் 'சொல்லிவிடு' என்று பிள்ளையை மட்டும் தனியே அனுப்பிவிடுவதும் முறையன்று. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை யார் மறக்க முடியும்? பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் பயின்ற சிலர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதைத் தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளியில் காரணம் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். அன்றிரவே அவர்கள் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இது வகுப்பறைக் குறும்பு அன்று. வகுப்பறைக்குள் கொண்டுவரப்பட்ட ஊர்ப்பகை. இதையொட்டி ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு வந்த பிளஸ் டூ தேர்வு முடிவில் அந்த மாணவர் 600-க்கு 469 மதிப்பெண் எடுத்திருந்தார். கலங்கிய குளத்தில் நீர் அருந்தியவர் என்று சொல்ல வேண்டுமானால் அவரைச் சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பிள்ளையிடமும் அத்தகைய வீரத்தை நாம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

ஆகவே பையனுடைய அத்தாவை மீண்டும் அழைத்தேன். கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பதையும், 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அக்குழுக்கள் புதிதாகச் சீரமைக்கப்பட்டதையும் எடுத்துச் சொன்னேன்.

"கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க ஹஜ்ரத். கடையை விட்டுட்டு எப்படிப் போறது?" என்றார்.

"அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் பையன் பெயரைச் சொல்லாதீர்கள். யார் பிள்ளையின் பெயரையும் சொல்லாதீர்கள். 'எந்த வகுப்பில், எந்தப் பாட வேளையில் பாடம் நடக்கவில்லை' என்று மட்டும் கேளுங்கள். தனியே போகாமல் இன்னும் இரண்டு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றேன். அங்கே கேளாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்னும் எண் உண்டு. அச்சுறுத்தலாக மாறினால் குழந்தைகளுக்கான 1098 உண்டு. இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கடையின் கல்லாப்பெட்டி மேல் ஒட்டிவைக்கச் சொன்னேன். ஒட்டியிருக்கிறார், போன வாரம் சர்க்கரை வாங்கப் போனபோது பார்த்தேன்.

பையன் முன் பெஞ்சுக்கு மாறியிருக்கிறான். ஒரு வாரம் 'ஜால்ரா' என்று கேலி செய்தார்களாம். பிறகு அதுவும் அலுத்துப் போயிற்றாம். ஆசிரியர் வகுப்புக்குள் நுழையும்போது முதலில் எழுந்து நின்று வணக்கம் சொல்லும்படியும், நாள்தோறும் ஒரு கேள்வியாவது எழுதி வைத்து வகுப்பு முடிந்ததும் அவரிடம் கேட்கும்படியும் சொல்லியிருந்தேன். இரண்டு தோழர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஒருவன் கோயிலுக்கு அருகே தேங்காய்க்கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை. மற்றவன் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகின்றவன். பகல் உணவு வேளையில் மூவரும் வேப்பமரத்தடியில் தக்ரார் செய்கின்றார்கள். தேங்காய்க்கடைப் பிள்ளைக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப் போய், வீட்டில் 'தக்ரார்க்குப் போயிட்டு வரேன்' என்கிறானாம். பின் வரிசைகள் முன் போலத்தான் இருக்கின்றன. விசில் நின்றபாடில்லை. "சார் இப்ப எங்க பெஞ்சைப் பார்த்துத்தான் நடத்துறார் ஹஜ்ரத்" என்றான்.

அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தில் ஓம் விதி மட்டும் மூவருக்கும் விளங்கவில்லை என்று சென்ற வியாழக்கிழமை புத்தகத்தோடு என்னிடம் வந்து நின்றார்கள். ஸர்ஃபும் நஹ்வும் படித்தவனிடம் மின்சாரத்தைப் பற்றிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? எங்கள் தெருவில் மின்வாரியத்தில் பணி செய்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கின்றார். அவர் வீட்டுக்கு மூவரையும் அழைத்துச் சென்று விட்டேன். அவர் பழைய மேசை விசிறி ஒன்றைக் கழற்றிக் கம்பிச் சுருளைக் காட்டித் தொடங்கினார். இஷா பாங்கு சொல்லும் வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.